எல்மோ1: பெயர் சொன்ன வேலையும் எலி காட்டிய வேலையும்

முடக்கு வாதத்தை எலிக்கு வரவழைப்பது ஆய்வகங்களில் பழகிப்போன வேலை. நோய் வந்த எலியின் ரத்தத்திலிருந்து சீரத்தைப் பிரித்து, நல்ல எலிக்கு ஊசியில் ஏற்றினால் போதும். சில நாட்களில் பாதமும் கணுக்காலும் தடித்துவிடும். அமெரிக்காவின் வெர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் கே. எஸ். ரவிச்சந்திரனின் குழு, எல்மோ1 என்ற மரபணுவை நீக்கிய எலிகளுக்கு மூட்டு நோயை வரவழைத்துப் பார்த்தது. சாதாரண எலிகளைவிட இவற்றுக்கு வீக்கம் கூடும் என்பதுதான் கணிப்பு. ஆனால் குறைந்தது.

2019-இல் 'நேச்சர் இம்யூனாலஜி' இதழில் வந்த அந்தக் கட்டுரை, கணிப்பு தலைகீழானதைச் சுருக்கப் பத்தியிலேயே ஒப்புக்கொள்கிறது. எனக்கு அது பிடித்திருந்தது. தப்பிப்போன கணிப்பைக் கடைசிப் பக்கத்தில் ஒளித்துவைக்கும் கட்டுரைகள்தான் அதிகம்.

கணிப்பு ஏன் தப்பியது? இதற்கு எல்மோ1-இன் கேஸ் கட்டை முதல் பக்கத்திலிருந்து புரட்ட வேண்டியிருக்கிறது. என் கட்சியை இப்போதே சொல்லிவிடுகிறேன்: தப்பு மரபணுவுக்கு வைத்த பெயரில் பாதியை மறந்ததில் தொடங்குகிறது.

புழுவுக்குள் கிடந்த பொத்தான்கள்

சீனோராப்டிடிஸ் எலிகன்ஸ் என்பது ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள உருளைப்புழு. மண்ணிலும் அழுகிய பழத்திலும் இருக்கும். உடல் கண்ணாடி மாதிரி, உள்ளே நடப்பதெல்லாம் தெரியும். இருபால் புழு ஒன்று வளர்ந்து முடிப்பதற்குள் அதன் உடலில் 1090 செல்கள் உருவாகின்றன. அவற்றில் 131 செல்கள் தாமாகவே இறந்து, 959 மிஞ்சுகின்றன. எந்தப் புழுவை எடுத்தாலும் இதே கணக்குதான். இறப்பதும் அதே செல்கள்தான். இந்தக் கணக்கைப் போட்ட ஜான் சல்ஸ்டன், புழுவை ஆய்வகத்துக்குக் கொண்டுவந்த சிட்னி பிரென்னர், சாவுக்கான மரபணுக்களைத் தேடிப் பிடித்த ராபர்ட் ஹார்விட்ஸ் ஆகிய மூவருக்கும் 2002-இல் மருத்துவ நோபல் கிடைத்தது.

உயிருள்ள புழுவில் செத்த செல் எப்படிக் கண்ணில் படும்? அதற்கென்று ஒரு வகை நுண்ணோக்கி உண்டு. பொருள்களை மேடுபள்ளமாகக் காட்டும். அதில் மற்ற செல்களெல்லாம் மணல் தூவியதுபோல மங்கலாகத் தெரிய, இறக்கும் செல் மட்டும் உருண்டு திரண்டு சட்டைப் பொத்தான் மாதிரி பளபளப்பாக எழும்பி நிற்கும். ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் பொத்தான் இருக்காது. பக்கத்துச் செல் அதைச் சுற்றி வளைத்து, உள்ளே இழுத்து, செரித்திருக்கும். நம் உடலில் உள்ளதுபோல துப்புரவுக்கென்றே தனிச் செல்கள் புழுவுக்குக் கிடையாது. அக்கம்பக்கத்தார்தான் எடுத்துப் போட வேண்டும்.

சில புழுக்களில் மட்டும் பொத்தான்கள் அப்படியே கிடந்தன. செல் சாகிறது, எடுக்க ஆளில்லை. எந்த மரபணு கெட்டால் இப்படி ஆகிறது என்று ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்து, 'செட்' என்ற பெயரும் ஒரு எண்ணும் கொடுத்தார்கள். அவை இரண்டு கட்சியாகப் பிரிந்தன. செட்-1, செட்-6, செட்-7 ஒரு பக்கம். செட்-2, செட்-5, செட்-10, செட்-12 மறுபக்கம்.

இரண்டாவது கட்சிக்கு இன்னொரு கோளாறும் இருந்தது. இந்த வழக்கில் முக்கியமான தடயம் இதுதான். புழுவின் இனப்பெருக்கச் சுரப்பி வளரும்போது அதன் நுனியில் ஒரு செல் முன்னால் நடந்து வழிகாட்டும். நேராகப் போகும், மலைப்பாதைக் கொண்டை ஊசி வளைவு மாதிரி திரும்பும், புறப்பட்ட திசைக்கே வரும். பின்னால் வரும் சுரப்பியும் அதே வடிவில் வளைந்து அமையும். செட்-12 கெட்ட புழுக்களில் இந்த வழிகாட்டிச் செல் பாதை மாறி, தேவையில்லாத இடத்தில் திரும்பி அலைந்தது. அந்தச் செல் யாரையும் விழுங்குவதில்லை, நடப்பது மட்டும்தான் அதன் வேலை. ஆக, செட்-12 விழுங்குவதற்கென்றே ஏற்பட்ட மரபணு இல்லை என்பது அப்போதே தெரிந்துவிட்டது. தெரிந்தும் பிறகு எல்லோரும் பாதியை மறந்தோம்.

2001-இல் மூன்று ஆய்வுக் குழுக்கள் ஏறத்தாழ ஒரே நேரத்தில் செட்-12 எந்த மரபணு என்று பிடித்தன. அதில் ஒன்று ரவிச்சந்திரனும் மைக்கேல் ஹெங்கார்ட்னரும் சேர்ந்து நடத்தியது. (ரவிச்சந்திரன் சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியில் படித்துவிட்டு அமெரிக்கா போனவர்.) மனித உடலில் இருக்கும் அதன் பங்காளிக்கு அவர்கள் வைத்த பெயர் எல்மோ. 'விழுங்கலும் செல் நகர்வும்' என்று பொருள்தரும் ஆங்கிலச் சொற்களின் சுருக்கம் அது. நமக்கு மூன்று எல்மோக்கள் உண்டு. எல்மோ1 7-ஆம் குரோமோசோமில், எல்மோ2 20-ஆவதில், எல்மோ3 16-ஆவதில். எல்மோ1 புரதம் 727 அமினோ அமிலங்கள் நீளம்.

லாக்கரும் இரண்டு சாவியும்

இந்தப் புரதம் தானாக எதையும் செய்வதில்லை. வேதிவினை எதையும் நடத்தும் ஆற்றல் அதற்குக் கிடையாது. செல்லின் வடிவத்தை மாற்றுவது ஆக்டின் இழைகள். அந்த இழைகளை எங்கே வளர்க்க வேண்டும் என்று உத்தரவிடுவது ராக் என்ற சிறு புரதம். ராக் ஒரு சுவிட்ச் மாதிரி. அணைந்தே கிடக்கும், யாராவது போட்டுவிட வேண்டும். அதைப் போடும் கை டாக்180 என்ற பெரிய புரதத்திடம் இருக்கிறது. ஆனால் டாக்180 தனியாகப் போனால் செல்லுக்குள் சரியாக வேலை நடப்பதில்லை. எல்மோ கூடவே வர வேண்டும். 2002-இல் இது தெளிவானது. வங்கி லாக்கரில் அதிகாரியின் சாவியும் நம் சாவியும் சேர்ந்தால்தானே கதவு திறக்கும், அதே ஏற்பாடு.

எல்மோவை எழுப்புவதற்கும் ஆள் வேண்டும். சும்மா இருக்கும்போது அது தன் வாலைத் தலையோடு மடக்கிப் படுத்திருக்கும். ரோஜி என்ற இன்னொரு சிறு புரதம் அதன் தலைப்பக்கத்தைப் பிடித்தால் விழித்துக்கொண்டு, டாக்180-ஐயும் இழுத்துக்கொண்டு செல்லின் விளிம்புக்கு வரும். செத்த செல்லைத் தின்னும் வேலை என்றால் அழைப்பு வேறு வழியில் வரும். சாகும் செல், வழக்கமாகச் சவ்வின் உள்பக்கம் இருக்கும் பாஸ்பாட்டிடைல்செரின் என்ற கொழுப்பை வெளியே திருப்பிக் காட்டும். சாவு வீட்டு வாசலில் சங்கு ஊதுகிற மாதிரி. விழுங்கும் செல்லின் மேல் உள்ள பிஏஐ1 என்ற வாங்கி அதைத் தொட்டுணர்ந்து நேரே எல்மோவிடம் சேதி சொல்லும் என்று 2007-இல் கண்டார்கள்.

விழுங்குவதும் நடப்பதும் ஒரே மரபணுவில் ஏன் வந்தது என்பது இங்கே விளங்கிவிடுகிறது. இரண்டுக்கும் சவ்வை ஒரு பக்கமாகத் தள்ள வேண்டும். முன்னால் தள்ளினால் நடை. எதிரே உள்ளதைச் சுற்றித் தள்ளினால் விழுங்கல். எல்மோவுக்குத் தெரிந்தது 'இங்கே தள்ளு' என்ற ஒரே உத்தரவுதான். எதற்காகத் தள்ளுகிறோம் என்பது அதைக் கூப்பிட்ட வாங்கிக்கும், கூப்பிட்ட செல்லுக்குமே தெரியும்.

கள்ளச்சாவியும் உண்டு. சீதபேதி கொடுக்கும் ஷிகெல்லா பாக்டீரியா, ஐபிஜிபி1 என்ற தன் புரதத்தைக் குடல் செல்லுக்குள் ஊசிபோல ஏற்றுகிறது. அது ரோஜியின் வேடத்தில் போய் எல்மோவை எழுப்பிவிடும். செல் தன் சவ்வைத் தானே நீட்டி, பாக்டீரியாவை உள்ளே அழைத்துக்கொள்ளும். 2007-இல் ஜப்பானியக் குழு ஒன்று இதைக் காட்டியது.

எலியில் எங்கே குறை தெரிந்தது?

மனித உடலில் ஒரு நாளைக்கு 20,000 கோடி செல்களுக்கு மேல் சாகின்றன. அத்தனையையும் எடுத்துப்போடும் வேலையில் எல்மோ1-க்கு பங்கு இருக்கிறது என்றால், அதை அடியோடு நீக்கிய எலி என்ன ஆக வேண்டும்? கருவிலேயே போய்விட வேண்டும், அல்லது உடலெங்கும் குப்பை சேர்ந்து நோயில் விழ வேண்டும். ஆனால் அந்த எலிகள் நன்றாகப் பிறந்தன, வளர்ந்தன, பார்வைக்குக் குறையில்லாமல் ஓடித் திரிந்தன.

குறை ஆண் எலிகளின் விரையில் இருந்தது. 2010-இல் 'நேச்சர்' இதழில் வெளியான ஆய்வு இது. கட்டுரைத் தலைப்பிலேயே 'எதிர்பாராத' என்று போட்டிருந்தார்கள். எல்மோ1 வழக்கில் இந்தச் சொல் அடிக்கடி வருகிறது பாருங்கள்.

விரையை மெல்லிய சீவலாக வெட்டிச் சாயம் ஏற்றிப் பார்த்தால் வட்டம் வட்டமாக நுண்குழல்கள் தெரியும். நல்ல எலியில் ஒவ்வொரு வட்டத்துக்குள்ளும் ஓர் ஒழுங்கு இருக்கும். வெளி ஓரத்தில் உருண்டையான இளம் செல்கள், உள்ளே போகப்போக நீண்டு மெலிந்தவை, நடு வெளியில் வால் நீட்டிய விந்தணுக்கள். இந்த வரிசைகளையெல்லாம் இடுப்பில் தாங்கிக்கொண்டு ஓரத்திலிருந்து நடுவரை தூண்போல நிற்பவை செர்டோலி செல்கள். விந்தணு ஆகவேண்டிய செல்களில் பெரும்பகுதி பாதியிலேயே சாகும், அது வழக்கம்தான். அவற்றை எடுத்துத் தின்பதும் இந்தச் செர்டோலி செல்லின் பொறுப்பு. எல்மோ1 இல்லாத எலியில் வரிசை கலைந்திருந்தது. இறந்த செல்கள் எடுக்கப்படாமல் கிடந்தன. பல உட்கருக்களைச் சுமந்த பெரிய பெரிய செல்கள் குழல்களுக்குள் தென்பட்டன. விந்தணு உற்பத்தியும் குறைந்திருந்தது.

ஏன் அங்கே மட்டும்? என் ஊகம் இது. உடலின் மற்ற இடங்களில் எடுத்துப்போட நிறைய ஆட்கள் உண்டு. மேக்ரோஃபேஜ் என்ற துப்புரவுச் செல் வரும், பக்கத்துச் செல் வரும், விழுங்குவதற்கு எல்மோவை நம்பாத வேறு வாங்கிகளும் இருக்கின்றன. விந்துக் குழலுக்குள் அப்படி இல்லை. ரத்தத்துக்கும் குழலின் உட்பகுதிக்கும் இடையே உடலே ஒரு தடுப்புச் சுவர் கட்டியிருக்கிறது. மேக்ரோஃபேஜ்கள் வெளியே நின்றுவிடும். சுவருக்கு உள்ளே சாவது எத்தனை ஆனாலும் எடுக்க ஒரே ஆள் செர்டோலி செல்தான். அந்த ஒரு ஆளின் கையைக் கட்டினால் தெரியாமல் போகுமா?

எல்மோக்களுக்குள் ஒருவர் வேலையை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள் என்பதும் ஓரளவுதான் உண்மை. 2016-இல் மனிதக் குடும்பங்களில் எல்மோ2 கெட்டுப்போன ஒரு நோயை அடையாளம் கண்டார்கள். முகத்து எலும்புகளுக்குள் ரத்த நாளங்கள் விரிந்து பெருத்து, தாடை வீங்கி, ரத்தப்போக்கு உயிருக்கே ஆபத்தாகும் நோய் அது. அவர்களிடம் எல்மோ1 நன்றாகவே இருந்தது. இருந்தும் கைகொடுக்கவில்லை.

மூட்டுக்குத் திரும்புவோம்

சரி, முதலில் சொன்ன மூட்டு வீக்கம். முடக்கு வாதம் உலகில் சுமார் 100 பேரில் ஒருவருக்கு இருக்கிறது. எல்மோ1, டாக்180-இன் உறவான டாக்2, இவை போடும் சுவிட்சான ராக்1 ஆகிய மூன்றின் மரபணுக்களிலும் அந்த நோயோடு தொடர்புடைய ஓரெழுத்து மாற்றங்கள் (டிஎன்ஏவில் ஓர் எழுத்து மட்டும் ஆளுக்கு ஆள் வேறாக இருப்பது) இருப்பதை வெர்ஜீனியா குழு கவனித்தது. மூன்றும் ஒரே பாதையைச் சேர்ந்தவை. கணிப்பு நேரானது: செத்த செல்லை எடுக்காவிட்டால் அது உடைந்து உள்ளிருப்பது கசியும், கசிந்தால் அழற்சி கூடும், ஆகவே எல்மோ1 இல்லாத மூட்டு மோசமாகும்.

தர்க்கத்தில் ஓட்டை எதுவும் இல்லை. மூட்டில் முக்கியமான செல் எது என்பதில்தான் பிசகியது. விழுங்கல் என்றதும் எல்லோருக்கும் மேக்ரோஃபேஜ்தான் நினைவுக்கு வரும். ஆனால் இந்த நோயின் தொடக்கத்தில் மூட்டுக்குள் கூட்டமாக நுழைவது நியூட்ரோஃபில்கள் என்ற வெள்ளை ரத்த அணுக்கள். அழைக்கும் வேதிப்பொருள் எந்தத் திசையிலிருந்து வருகிறதோ அந்தத் திசையில் ஓடும் செல்கள் அவை. அவற்றின் உள்ளே எல்மோ1, அந்த அழைப்பைக் கேட்கும் வாங்கிகளோடு ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. புழுவின் வழிகாட்டிச் செல்லில் பார்த்த அதே நடை வேலை. எல்மோ1 போனதும் நியூட்ரோஃபில்கள் மூட்டுக்கு நேரத்தில் வந்து சேரவில்லை. வீக்கம் ஏறவில்லை. உடலின் பொதுவான அழற்சித் திறன் படுத்துவிடவும் இல்லை.

எலியோடு நிறுத்தாமல் மனித ரத்தத்தையும் எடுத்துப் பார்த்தார்கள். நோயோடு தொடர்புடைய எல்மோ1 எழுத்து மாற்றம் உள்ளவர்களின் நியூட்ரோஃபில்கள் மற்றவர்களுடையதைவிட அதிகமாக நகர்ந்தன. மனித நியூட்ரோஃபிலில் எல்மோ1-ஐக் குறைத்தால், வாதத்தோடு தொடர்புள்ள அழைப்புகளை நோக்கிய ஓட்டம் தளர்ந்தது. கட்டுரை இதை எல்மோ1-இன் 'வழக்கத்துக்கு மாறான' பங்கு என்கிறது. இங்கே எனக்குக் கொஞ்சம் மனத்தாங்கல். எந்த வழக்கத்துக்கு மாறு? பெயரின் இரண்டாவது பாதியே நகர்வுதானே.

குடலிலும் இதே மாதிரி ஒரு திருப்பம் உண்டு. சான் டியேகோவில் சௌமிதா தாஸ் குழு 2015-இல், சால்மோனெல்லாவை மேக்ரோஃபேஜ் உள்ளே எடுப்பதற்கு எல்மோ1 வேண்டும் என்று காட்டியது. அது இல்லாத எலிகளில் கிருமியை விழுங்குவது குறைந்தது. அழற்சியும் சேர்ந்தே குறைந்தது. சால்மோனெல்லா விழுங்கப்பட்டுச் சாகும் கிருமி அல்ல, விழுங்கியவன் வயிற்றிலேயே குடித்தனம் நடத்தும் கிருமி. அதை விழுங்காமல் விடுவது சில நேரம் நல்லதுதான்.

சிறுநீரகம்: இன்னும் முடியாத விசாரணை

சர்க்கரை நோயில் சிறுநீரகம் கெடுவதற்கும் எல்மோ1-க்கும் முடிச்சுப் போட்டது ஜப்பான். 2005-இல், டைப் 2 சர்க்கரை நோயாளிகளிடம் 80,000-க்கும் மேற்பட்ட ஓரெழுத்து மாற்றங்களைச் சலித்துப் பார்த்து, சிறுநீரகம் கெட்டவர்களிடம் எல்மோ1-இல் ஒரு மாற்றம் அதிகம் இருப்பதைக் கண்டார்கள். செல்களைச் சர்க்கரை நிறைந்த ஊடகத்தில் வளர்த்தால் எல்மோ1 உற்பத்தி ஏறியது. எல்மோ1-ஐ வேண்டுமென்றே கூட்டினால், செல்லுக்கு வெளியே தழும்புபோலப் படியும் கொலாஜன் வகையறாப் புரதங்கள் கூடின.

பிறகு ஆப்பிரிக்க அமெரிக்கர், ஐரோப்பிய வம்சாவளியினர், பீமா பழங்குடியினர், சீனர் என்று பலரிடமும் தேடினார்கள். தென்னிந்தியர்களிடமும் தேடினார்கள். தொடர்பு பல இடங்களில் தென்பட்டது, ஆனால் எல்லா மக்களிடமும் ஒரே எழுத்து ஒரே கதையைச் சொல்லவில்லை. இது ஏறத்தாழ 6 லட்சம் எழுத்து நீளமுள்ள பெரிய மரபணு. மாற்றங்கள் கிடப்பதும் புரதத்துக்கான குறிப்பு இல்லாத இடைவெளிப் பகுதிகளில். அவை புரதத்தின் வடிவத்தை மாற்றுவதில்லை. மாற்றினால் அளவைத்தான் கொஞ்சம் ஏற்றி இறக்க முடியும்.

அளவுதான் கேள்வி என்றால் அளவை மாற்றித்தான் பார்க்க வேண்டும். வட கரோலினாவில் ஆலிவர் ஸ்மித்தீஸ் அதைத்தான் செய்தார். குறிப்பிட்ட மரபணுவைக் குறிபார்த்து மாற்றும் முறைக்காக 2007-இல் நோபல் வாங்கியவர். மரபணுக் கோளாறால் சர்க்கரை நோய் வரும் அகிட்டா எலிகளில், எல்மோ1 அளவை இயல்பில் சுமார் 30 விழுக்காட்டிலிருந்து 200 விழுக்காடு வரை ஐந்து படிகளாக வைத்தது அவருடைய குழு. முடிவு 2016-இல் வந்தது. படி ஏற ஏறச் சிறுநீரில் ஆல்புமின் என்ற ரத்தப் புரதம் அதிகம் ஒழுகியது, வடிகட்டும் குளோமருலஸ் தழும்பேறியது, அதன் அடித்தளச் சவ்வு மாறியது. கீழ்ப் படியில் நின்ற 30 விழுக்காட்டு எலிகளில் இந்தக் கோளாறுகள் ஏறத்தாழ இல்லவே இல்லை.

இதைப் படித்ததும் எல்மோ1-ஐ அடக்கும் மருந்து ஒன்று இருந்தால் போதுமே என்று தோன்றும். கட்டுரையும் அதைத்தான் சொல்லி முடிகிறது. ஆனால் அதே 2016-இல் வந்த இன்னொரு ஆய்வு வரிக்குதிரை மீனில் நேர் எதிரானதைக் கண்டது. மீனில் எல்மோ1-ஐக் கெடுத்தபோது சிறுநீரகத்தில் செல் சாவு கூடி அமைப்பே பழுதானது. சர்க்கரை ஏறி நொந்த சிறுநீரகம், எல்மோ1-ஐக் கூட்டியபோது தேறியது. எலிக்கு விஷமாக இருந்தது மீனுக்கு மருந்தானது.

ஒன்று சரி, மற்றது தவறு என்று தீர்ப்பு எழுத எனக்கு மனமில்லை. மீனில் பார்த்தது கருப்பருவத்தில் சிறுநீரகம் உருவாகிற சில நாட்கள். அப்போது தேவை செல்கள் பிழைத்திருப்பது. எலியில் பார்த்தது வளர்ந்த சிறுநீரகத்தில் சர்க்கரை மாதக்கணக்கில் அரித்த பின்பு. அப்போது செல்கள் ஓயாமல் ஆக்டினை இழுத்துக்கொண்டு தழும்பைப் படியவைப்பதே தொல்லை. மூட்டில் நடந்த மாதிரிதான்: எந்தச் செல், எப்போது கூப்பிட்டது என்று கேட்காமல் எல்மோ1 நல்லதா கெட்டதா என்று கேட்டால் இப்படி இரண்டு பதில் வரத்தான் செய்யும். மருந்து செய்ய நினைப்பவர் விரையையும் நினைத்துக்கொள்ள வேண்டும். மாத்திரை ரத்தத்தில் கலந்தால் சிறுநீரகத்தோடு நிற்காது.

மரபணு சோதனை அறிக்கையில் எல்மோ1 என்ற வரியைக் கண்டு கலங்குகிறவர்களுக்கும் இதையேதான் சொல்வேன். அந்த ஒரு எழுத்தை வைத்து உங்கள் சிறுநீரகத்தைப் பற்றி யாரும் எதுவும் கணிக்க முடியாது. சிறுநீரில் ஆல்புமின் போகிறதா என்று பார்க்கும் சாதாரணச் சோதனை அதைவிட அதிகம் சொல்லும்.

ஸ்மித்தீஸ் எலிகளில் இன்னொரு விவரம் உண்டு. சிறுநீரகம் தப்பித்த அந்த 30 விழுக்காட்டு எலிகளின் ரத்தச் சர்க்கரை துளியும் இறங்கவில்லை.